மூன்றில் ஒரு பங்கு

அர்பினே எங்கள் ஊருக்கு வந்த குளிர்காலத்தில் நான் வேலையில்லாமல் இருந்தேன். கூடாரமும் முதுகுப்பையும் தைக்கிற தொழிற்சாலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். அதை மூடி, தையலையெல்லாம் எஸ்டோனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் லோவ்விக்கில் மிஞ்சியது ஒரு மளிகைக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு முதியோர் இல்லம், ஒரு தேவாலயம். காலியாகக் கிடந்த பழைய தீயணைப்பு நிலையத்தை யாரோ வெளிநாட்டுப் பெண் வாடகைக்கு எடுத்திருக்கிறாள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் அவளே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பதைத் தாண்டியிருக்கும். சுருட்டை முடி முழுக்கப் பனித்தூள். கக்கத்தில் ஒரு ஆட்டுத்தோல்.

"நீங்கதான் மைவோரா? கனமான துணியெல்லாம் நீங்க நல்லாத் தைப்பீங்கன்னு கடையில சொன்னாங்க."

எங்கள் நாட்டில் அமைச்சரையே நீ என்றுதான் கூப்பிடுவோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை நீங்கன்னு சொன்னா கதவைச் சாத்திடுவேன். நான் இன்னும் அவ்வளவு கிழவி ஆகல. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா."

"சரி. நீ இந்தத் தோலைத் தைப்பியா?"

"ஊசி உடையற வரைக்கும் தைப்பேன்."

அன்றிலிருந்து நான் அவளுடைய ஆள். சில வாரங்களில் என்னை மைவோர் ஜான் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் மொழியில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அவள் ஆர்மீனியாக்காரி. கியும்ரி என்ற ஊர். அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்த வயதில் அங்கே பெரிய பூகம்பம் வந்தது. அப்பா போய்விட்டார். அம்மா சிரானுஷுக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அந்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளை வளர்த்துப் பொறியாளராக்கினாள்.

"எங்க ஊர்லயும் பனி உண்டு, மைவோர் ஜான். முதல் பனி விழுந்தா அம்மாவுக்கு வீட்டுச் சிறைதான். சக்கரம் பனியில புதைஞ்சிடும். வசந்தம் வர்ற வரைக்கும் ஜன்னலோட மட்டும்தான் பேச்சு."

எங்கள் நாட்டு உமியோ பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்கு வந்தவள், அந்த ஜன்னலை மனதில் வைத்து, பனிச்சறுக்குப் பலகை மாதிரி ஒரு சறுக்கைக் கண்டுபிடித்தாள். சக்கர நாற்காலியின் முன் சக்கரங்களுக்கு அடியில் மாட்டிவிட்டால் போதும். பனி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நாற்காலி படகு மாதிரி போகும். முதலில் செய்ததை அம்மாவுக்கு அனுப்பினாள். அடுத்ததைச் செய்யத்தான் இந்தத் தீயணைப்பு நிலையம். சொந்தத் தொழில் நடத்துகிறவள் என்ற முறையில் இரண்டு வருஷம் தங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் தொழில் நின்று, எல்லாம் சரியாக இருந்தால், நிரந்தரமாக இருக்கலாம்.

மூன்றாவது ஆளாக ஹில்டிங் வந்து சேர்ந்தான். மரம் அறுக்கும் ஆலையில் வெல்டராக இருந்தவன், அதிகம் பேசாதவன். வேடிக்கை பார்க்க வந்து, அவள் ஒட்டியிருந்த இரும்பை விரலால் தடவினான்.

"இது வெல்டிங்கா, இல்ல கோழி கிளறினதா?"

"கோழி கிளறினதுதான். சேவல் யாராவது வந்து சரி பண்ணிக் கொடுக்குமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

ஹில்டிங் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினான்.

முதல் குளிர்காலம் நன்றாகப் போயிற்று. முதியோர் இல்லத்தில் முதலில் எங்களை நம்பியது ஆல்ஃப்ஹில்ட் பாட்டிதான். பல வருஷங்களுக்குப் பிறகு யாரும் தள்ளாமல், தானே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். பாதிரியார் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டார்கள். அவள் சறுக்கும் சட்டமும், ஹில்டிங் ஒட்டு வேலையும், நான் காலைக் கதகதப்பாக வைக்கிற தோல் பையும் என்று செய்துகொண்டிருந்தோம். பத்து மணிக்குக் காபி. அவள் சின்னப் பாத்திரத்தில் கறுப்பாக ஒன்றைக் காய்ச்சுவாள். ஹில்டிங் அதைத் தார் என்பான், ஆனால் இரண்டு கோப்பை குடிப்பான்.

இரண்டாவது வருஷம் பனி தாமதமாக வந்தது. ஆர்டர்களும் தாமதம். இரும்பு விலை ஏறியது. அனுமதிக்காலம் முடிய இருக்கிற ஆளுக்கு வங்கி கடன் கொடுக்காது. எங்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் அவள் ஒருத்தி தாக்குப்பிடித்திருப்பாள். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டாள். நானும் ஹில்டிங்கும் அதைக் கவனித்தோம். தொழிற்சாலை மூடியபோது எனக்கு வந்த பணத்தை நான் கொண்டுவந்தேன். ஹில்டிங் தன் பனி ஸ்கூட்டரை விற்றான். வடக்கே ஒருவன் பனி ஸ்கூட்டரை விற்கிறான் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

"கடனா வேண்டாம்," என்றாள் அர்பினே. "பங்கா வாங்கிக்கோங்க. மூணு பேர், மூணு சமப் பங்கு."

"எங்களுக்கு எதுக்குடி பங்கு?" என்றேன். "முடியறப்போ திருப்பிக் கொடு, போதும்."

"வேலை மூணு பேரும் பாக்குறோம். பேப்பர்ல மட்டும் ஏன் எல்லாம் என் பேர்ல இருக்கணும்?"

ஹில்டிங் சரி என்று தலையை ஆட்டினான். அவனுக்கு அது ஒரு நீண்ட பேச்சு. விசேஷங்களுக்குச் செய்கிற மாதிரி நான் இறால் வைத்த சாண்ட்விச் கேக் செய்து கொண்டுபோனேன். மூன்று முதலாளிகளும் அந்தக் குளிர்க் கொட்டகையில் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தோம். பனி வந்தது. நிறுவனம் பிழைத்தது.

அனுமதி முடியும் முன்பே அவள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள். பதில் வரும் வரை இங்கேயே இருந்து வேலை செய்யலாம். வசந்தம் போயிற்று, கோடை போயிற்று. பதில் வரவில்லை.

இலையுதிர்காலத்தில் கியும்ரியிலிருந்து பக்கத்து வீட்டு கயானே கூப்பிட்டாள். அம்மாவுக்குப் பக்கவாதம். வாய் கோணிவிட்டது, ஒரு கை விளங்கவில்லை. அர்பினே போனை வைத்துவிட்டு உடனே எஸ்டர்சுந்த் நகரத்தில் இருக்கிற வக்கீல் ரெபெக்காவைக் கூப்பிட்டாள். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"போறதுக்கு உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க, அர்பினே. திரும்பி வர்றதுதான் சிக்கல். பழைய அனுமதி முடிஞ்சுபோச்சு, புதுசு இன்னும் வரல. நடுவுல எல்லையைத் தாண்டிட்டா, திரும்ப உள்ள வர உங்கிட்ட ஒண்ணும் இருக்காது."

"முடிவு எப்ப வரும்?"

"அடுத்த வாரம் வரலாம். அடுத்த கோடையிலயும் வரலாம். பொய் சொல்லி உன்னைத் தேத்த எனக்கு இஷ்டமில்ல."

அன்று மாலை அம்மாவோடு பேசினாள். குழறின குரல் எனக்கும் கேட்டது, மொழிதான் புரியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"வராதேங்கிறா. இவ்வளவு தூரம் போயிட்டுப் பாதியில விட்டுட்டு வந்தா உன்னை வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறா. காகிதத்தை வாங்கிட்டு நிமிர்ந்து வா, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன், எனக்குத்தான் காலே இல்லையேன்னு ஜோக் அடிக்கிறா."

கியும்ரிக்காரர்கள் அப்படித்தானாம். எதற்கும் சிரித்துவிடுவார்களாம்.

மறுநாள் ஹில்டிங் வேலைக்கு வந்ததும் சொன்னான்: "நான் வேணா போய் உங்கம்மாவைப் பாத்துட்டு வரேன். எங்கிட்டதான் பாஸ்போர்ட் இருக்கே."

வாழ்க்கையில் பக்கத்து நார்வேயின் ட்ரோன்ஹெய்மைத் தாண்டாதவன் அவன்.

"நீ போய் என்ன மொழியில பேசுவ?"

"பேச மாட்டேன். இங்கயும் பேசறதில்லையே. சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவள் சிரித்தாள், அப்படியே அழுதாள். வேண்டாம் என்றாள். தான் போகவேண்டிய இடத்துக்கு இன்னொருவர் போவதை அவளால் தாங்க முடியாது என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், எல்லா வீட்டு ஜன்னலிலும் நட்சத்திர விளக்கு எரிகிற வாரத்தில், சிரானுஷ் இறந்துபோனாள்.

அடக்கத்தை அர்பினே பட்டறையிலிருந்துதான் பார்த்தாள். காலை நேரம். போனை வேலை மேசையில் இரும்பு பிடிக்கும் பட்டறைப் பிடியில் சாய்த்து வைத்தாள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். நான் என் கறுப்பு உடையில் போனேன். ஹில்டிங் கல்யாணத்துக்குத் தைத்த சூட்டில் வந்தான், பொத்தான் பூட்டவில்லை. உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் மூவரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

அங்கே கயானே போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண்கள் அழுகிற சத்தம். நாலு ஆண்கள் சவப்பெட்டியைத் தோளில் வைத்துக் குறுகலான மாடிப்படியில் இறங்கினார்கள். திருப்பத்தில் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. அர்பினே ஒரு கையை முன்னால் நீட்டிவிட்டாள், பிடித்துக்கொள்கிற மாதிரி.

"அந்தப் படியில அம்மா தானா இறங்கினதே இல்ல," என்றாள். "எப்பவும் யாராவது தூக்கிட்டுத்தான் போவாங்க."

இடுகாட்டில் படம் நின்றுபோயிற்று. வெறும் வெள்ளை வானமும் ஒரு தொப்பியின் ஓரமும் அப்படியே உறைந்து நின்றன.

"ஹலோ? கயானே? ஹலோ?"

கொஞ்ச நேரம் கூப்பிட்டாள். திரும்ப இணைப்பு கிடைத்தபோது ஆட்கள் மண்வெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் போனை அணைத்தாள். கோட்டைக் கழற்றி, வேலை உடுப்பை மாட்டிக்கொண்டாள்.

"முதியோர் இல்லத்துக்கு ரெண்டு சறுக்கு இன்னைக்குக் கொடுக்கணும்."

"நான் கொடுத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ," என்றான் ஹில்டிங்.

"எனக்கு இன்னைக்கு ஏதாவது ஒண்ண முழுசா முடிக்கணும், ஹில்டிங். விடு."

விட்டான். அந்தக் கல்யாணச் சூட்டோடேயே அவள் பக்கத்தில் நின்று மாலைவரை வேலை செய்தான்.

ஜனவரி கடைசியில் ரெபெக்கா கூப்பிட்டாள். எப்போதும் கடகடவென்று பேசுகிறவள், அன்று இழுத்து இழுத்துப் பேசினாள்.

"மறுத்துட்டாங்க, அர்பினே. தொழில்ல குறையில்ல. நிறுவனத்துல குறைஞ்சது பாதியாவது உன் பேர்ல இருந்திருக்கணும். உங்கிட்ட மூணுல ஒரு பங்குதான் இருக்கு."

"அது முதல் தடவை வர்றப்போ கேட்டது. அப்ப முழுசும் என்னோடதா இருந்துச்சே."

"கடைசிவரைக்கும் அப்படியே இருக்கணும். பங்கைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

அர்பினே முதலில் சிரித்தாள். "மூணுல ஒண்ணு பாதியை விடக் கம்மி. பொறியாளருக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  மெதுவாக, "அப்ப நான் போயிருக்கலாம்," என்றாள். "எப்படியும் இதுதான் பதில்னா, நான் அம்மாகிட்ட போயிருக்கலாம்."

 

அந்த வாரமே நானும் ஹில்டிங்கும் எங்கள் பங்குகளை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தோம். மேல்முறையீடு போனது. ஊரே சேர்ந்துகொண்டது. பாதிரியார் கையெழுத்து வாங்கினார். வானொலியிலிருந்து வந்தார்கள். ஆல்ஃப்ஹில்ட் பாட்டி மைக்கைப் பிடுங்கி, அர்பினேவை அனுப்புகிறவர்கள் முதலில் வந்து தன்னைத் தேவாலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்றாள்.

ஷெல்-ஆர்னேகூட வந்தான். நகராட்சி மன்றத்தில், வெளியாட்களையெல்லாம் திருப்பி அனுப்பவேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கத்துகிற ஆள். அவனுடைய அம்மாவும் எங்கள் சறுக்கில்தான் போகிறாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றான்.

"அர்பினே, நாங்க உன்னை மாதிரி ஆளுங்களைச் சொல்லல. அது உனக்குப் புரியணும்."

"அப்ப யாரைச் சொன்ன?"

"அது... சும்மா உக்காந்து தின்றவங்களை."

"சட்டத்துல அப்படி எழுதலையே, ஷெல்-ஆர்னே. நீங்க கேட்ட சட்டம்தான். அது ஆளைப் பாக்கல. ரொம்ப நேர்மையா நடந்துக்குது."

அவன் முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனான். அதையும் சொல்ல வேண்டும்.

நீதிமன்றமும் மறுத்தது. நிறுவனம் எந்தக் காலத்தில் அவளுடையதாக இருந்திருக்க வேண்டுமோ அந்தக் காலத்தில் இல்லை. முடிவு வந்த பிறகு கைமாற்றிக்கொண்டதைக் கணக்கில் எடுக்க முடியாது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. பணிவான நல்ல மொழியில், இன்ன தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொன்னார்கள். அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றாள் ரெபெக்கா. தானே பணம் வாங்காமல் செய்து தருவதாகவும் சொன்னாள்.

ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்த நாளில் அவள் கிளம்பினாள். ஹில்டிங் காரில் எஸ்டர்சுந்த் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் எந்த இரும்பை எங்கே வாங்குவது, எந்த அளவுக்கு எந்த வளைவு என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்சீட்டில் அவளுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடைமேடையில் கேட்டேன்: "ரெபெக்கா சொன்ன மாதிரி விண்ணப்பம் போடுவதானே?"

அவள் என் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள், ஏதோ நான்தான் பயணம் போகிறவள் போல.

"மாட்டேன், மைவோர் ஜான். என்னை உள்ள விடுங்கன்னு மறுபடி கேக்க எங்கிட்டத் தெம்பில்ல. அம்மாவைக் கொடுத்துத்தான் இங்க காத்திருந்தேன். அதுக்கு மேல கொடுக்க என்ன இருக்கு?"

ஹில்டிங் அவளைக் கட்டிப்பிடித்தான். அவன் யாரையும் கட்டிப்பிடிக்கிறவன் இல்லை. ரயில் போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "கோழி போயிடுச்சு. சேவலுக்கு இனி இங்க என்ன வேலை," என்று முணுமுணுத்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவள் இல்லாமல் ஒரு குளிர்காலம் ஓட்டினோம். புதிதாக ஒரு நாற்காலி வந்தால் அதற்குச் சறுக்கைப் பொருத்த எங்களுக்குத் தெரியவில்லை. போனில் படம் அனுப்புவோம், அவள் விளக்குவாள், பாதி புரியும். கடைசியில் ஒரு நார்வே நிறுவனம் வடிவத்தை விலைக்குக் கேட்டது. கொடுத்துவிடுங்கள் என்றாள். இப்போது சறுக்கு அங்கே தயாராகிறது, நன்றாகத்தான் செய்கிறார்கள். தீயணைப்பு நிலையம் மறுபடி பூட்டிக்கிடக்கிறது. ஹில்டிங் ஓய்வு எடுத்துக்கொண்டான். நான் முதியோர் இல்லத்தில் துணி தைக்கிறேன், திரைச்சீலை, தலையணை உறை.

போன மே மாதம் நான் கியும்ரிக்குப் போனேன். விசா எப்படி வாங்குவது என்று பயண அலுவலகத்தில் கேட்டபோது, உனக்கு எதுவும் வேண்டாம், டிக்கெட் மட்டும் போதும் என்றார்கள். யெரெவான் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் என் பாஸ்போர்ட்டை ஒரு தடவை புரட்டினான், முத்திரை குத்தினான், நல்வரவு என்றான். எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் அந்தக் கவுண்ட்டரை விட்டு நகர முடியாமல் நின்றேன். பின்னால் இருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அர்பினே இளைத்திருந்தாள். ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறாள். இடுகாட்டுக்கு நடந்தே போனோம். கல்லில் சிரானுஷின் முகம் செதுக்கியிருந்தது. மகளுடைய அதே புருவம். அர்பினே களையைப் பிடுங்கினாள், கல்லை ஈரத்துணியால் துடைத்தாள். நான் வாங்கிப்போன பூக்களை வைத்தேன். இருவருமே அழவில்லை.

அன்று கயானே எங்களோடு சாப்பிட வந்தாள். பருமனான, சுறுசுறுப்பான பெண். என் தட்டில் இறைச்சி உருண்டைகளை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அர்பினேவைப் பார்த்து எதையோ நீளமாகச் சொன்னாள். குரல் தாழ்ந்தது. அர்பினே மேசை விரிப்பைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அம்மா கடைசியில வலியில்லாமப் போனாளாம்."

கயானே பேசியது அதைவிட நீளம். நான் மேலே கேட்கவில்லை.

அவள் போன பிறகு இருவரும் பாத்திரம் கழுவினோம். அர்பினே எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டபடியே சொன்னாள்:

"வராதேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனை வெச்சதும், அம்மா கயானேகிட்ட கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுவாளாம். கதவு தெரியற மாதிரி. படியில யார் காலடி கேட்டாலும், அர்பினேயா பாருன்னு சொல்லுவாளாம். கடைசிவரைக்கும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்து தட்டை வாங்கித் துடைத்தேன். அவள் அடுத்ததை எடுத்தாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷமும் வா, மைவோர் ஜான். உன்னைத்தான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களே."

வருகிறேன் என்றேன்.